பிள்ளைகளுக்கு ஊர் காட்டுங்கள்!



பள்ளி விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியதும் முதல் வாரம் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்பு உங்களுக்கே தெரியும். 'நான் விடுமுறையைக் கழித்த விதம்.' தோட்டப்பள்ளியில் அந்தக் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பல பிள்ளைகள் எழுதுவது தாங்கள் போன பயணமல்ல. மாதிரிக் கட்டுரை நூலில் யாரோ போன பயணம். பார்க்காத கடலில் குளித்ததாகவும், ஏறாத மலையில் ஏறியதாகவும், இல்லாத மாமா காரில் அழைத்துச் சென்றதாகவும் எழுதுகிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதுவதில்லை. சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் எழுதுகிறார்கள்.

"நாமென்ன பெரிய துரையா, உல்லாசப் பயணம் போக?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் வாங்கும் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் போனால் மிச்சம் என்ன? ஆனால் நான் சொல்ல வருவது விமானப் பயணமல்ல; பெரிய ஓட்டலுமல்ல. பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன நகரம். மூன்று பகல், இரண்டு இரவு. ஆறு மாதம் முன்னதாகவே வீட்டில் எல்லாரும் சேர்ந்து போடும் ஒரு திட்டம். அவ்வளவுதான். அந்தச் சிறு பயணம் பிள்ளைக்கு எத்தனை பெரிய பாடம் என்பதையும், அதைக் கடன் இல்லாமல் எப்படிச் செய்யலாம் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

லீவு யார் கொடுக்கும் தருமம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சம்பளத்துடன் கூடிய ஆண்டு லீவு நிர்வாகம் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கும் உரிமை அது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு ஆண்டு முடித்து ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள். இது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. வார ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இதில் சேராது.

இதில் இரண்டு செய்திகளை மறக்க வேண்டாம். உரிய காலத்துக்குள் எடுக்காத லீவு கைவிட்டுப் போகும். அந்த ஆண்டில் சேர்ந்த லீவை அடுத்த பன்னிரண்டு மாதத்திற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் ஆண்டு வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேலைக்கு வராதவருக்கு அந்த ஆண்டு லீவு உரிமையே கிடையாது. திங்கட்கிழமை தலைவலி என்று படுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்பாமார்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே இரண்டு நாள் லீவு, ஒரு நாள் வார ஓய்வு. மூன்று நாள் கணக்குச் சரியாகிவிட்டது. கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் ஒரே தேதியில் லீவு வேண்டும் என்று ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். பெருநாள் காலத்தைத் தவிருங்கள். நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் சமயத்தில் இரயிலில் இடம் கிடைக்காது. அறை வாடகை ஏறும். பல கடைகள் மூடிக் கிடக்கும்.

எந்த ஊர்?

பெரிய நகரம் வேண்டாம் என்பது என் கருத்து. கோலாலம்பூரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதிலேயே பாதி நாள் கழியும். கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கண்டதையெல்லாம் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி உங்கள் வாய் ஓய்ந்து போகும். சிறு நகரத்தில் பார்க்க வேண்டியவை பக்கம் பக்கமாக இருக்கும். நடந்து பார்க்கலாம். செலவும் கைக்குள் அடங்கும்.

பேராக், கெடா, பினாங்கு, சிலாங்கூர் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் தைப்பிங். 1937 வரை பேராக்கின் தலைநகராக இருந்த ஊர் இது. அதன் பிறகே அந்தப் பெருமை ஈப்போவுக்குப் போனது. தலைநகர் போனாலும் பழைய செல்வங்கள் அங்கேயே நின்றுவிட்டன. நாட்டின் பழைமையான அருங்காட்சியகம், முதல் பொதுப் பூங்கா, முதல் இரயில் பாதை தொடங்கிய இடம் எல்லாம் ஒரே ஊரில்.

பெயர்க் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லாருட் பகுதியில் ஈயம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கான சீனர்கள் சுரங்க வேலைக்கு வந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரு கூட்டத்தாருக்குள் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 1874-இல் சமாதானம் ஏற்பட்ட பிறகு ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வந்தது. சீன மொழியில் அதற்குப் பேரமைதி என்று பொருள். ஈயம் கண்டெடுத்ததற்கும் ஒரு செவிவழிக் கதை உண்டு. லாருட் என்ற யானை காட்டுக்குள் ஓடித் திரும்பியபோது அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமணல் மின்னியதாம்! இந்தக் கதையைப் போகும் முன்பே சொல்லிவையுங்கள். ஊர் வந்து சேரும் வரை பிள்ளைகள் யானையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டின்னில் விழும் இரண்டு வெள்ளி

பணத்துக்கு வருவோம். காலியான பால்மாவு டின் ஒன்றை எடுத்து மூடியில் துவாரம் போடுங்கள். நாளொன்றுக்கு 2 வெள்ளி. கடையில் ஒரு தே தாரிக் குடிக்கும் காசு. 180 நாளில் 360 வெள்ளி சேரும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு 2 வெள்ளி போட்டால் 720 வெள்ளி. பிள்ளைகள் பள்ளிக்கூடக் காசில் மிச்சம் பிடித்த பத்துக் காசு, இருபது காசையும் போடட்டும். தொகை பெரிதல்ல, 'என் காசும் இதில் இருக்கிறது' என்ற எண்ணம் பெரிது.

மாதம் ஒருமுறை, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னிலையிலும் டின்னைத் திறந்து எண்ணுங்கள். மூத்த பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். சேர்ந்த பணத்தை ஐந்து உறைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று பயணச் செலவு, ஒன்று தங்குமிடம், ஒன்று சாப்பாடு, ஒன்று நுழைவுச் சீட்டு, ஒன்று அவசரத்துக்கு. அவசர உறையை ஊர் திரும்பும் வரை யாரும் தொடக் கூடாது. திரும்பி வந்த வாரத்து அரிசி, மீன் செலவை வீட்டிலேயே தனியாக வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பணம் போதவில்லையென்றால் கடன் வாங்க வேண்டாம். வட்டிக்காரனிடமும் போக வேண்டாம். மளிகைக் கடைக் கணக்கிலும் ஏற்ற வேண்டாம். இரண்டு இரவை ஓரிரவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் காலையில் போய் இரவில் திரும்புங்கள். கடனில் போன பயணம் திரும்பி வந்த பிறகு சண்டையாக முடியும். பிள்ளைகளுக்கு ஊர் மறந்துபோகும். சண்டைதான் நினைவில் நிற்கும்.

ஆளுக்கொரு வேலை

பிள்ளைகளை மூட்டை முடிச்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுங்கள். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இரயில் நேரத்தைப் பார்த்து எழுதட்டும். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஐந்து பேருக்கு நுழைவுச் சீட்டு எவ்வளவு என்று கூட்டிச் சொல்லட்டும். முதலாம் ஆண்டுக் குழந்தை தண்ணீர்ப் போத்தல்களை எண்ணி வைக்கட்டும். பள்ளியில் கூட்டல் கணக்கில் திணறும் பிள்ளை, "நம்ம காசு போதுமா?" என்ற கணக்கில் திணறுவதில்லை. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தங்கும் அறையை முன்பே தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள். எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு கேள்விகளைக் கேட்க மறக்காதீர்கள். மொத்த வாடகை எவ்வளவு? எத்தனை மணிக்கு அறை கிடைக்கும்? அதற்கு முன் வந்தால் பையை வைத்துக்கொள்வீர்களா? கூடுதல் மெத்தைக்குக் காசு உண்டா? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மைகார்டும் பிள்ளைகளின் மைகிட்டும் கையில் இருக்கட்டும். அறை எடுக்கவும் தேவை. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவாக உள்ள இடங்களில் காட்டவும் உதவும்.

இரயிலில் போவது தனிச் சுகம்

காரிலும் போகலாம். ஆனால் முடிந்தவரை இரயிலில் போங்கள் என்பேன். கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு தைப்பிங்கில் சேர்த்துவிடுகிறது. பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து கொமுட்டர் இரயிலும் அங்கே நின்று போகிறது. பள்ளி விடுமுறையில் மின்சார இரயிலின் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துபோவதால் தேதி முடிவானதும் சீட்டை எடுத்துவிடுங்கள்.

தெற்கிலிருந்து வருகிறவர்கள் பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் பிள்ளைகளைச் சன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். மலையைக் குடைந்து போட்ட, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமான சுரங்கத்துக்குள் இரயில் நுழையும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு காட்சி. புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் போகும். இரண்டு பக்கமும் தண்ணீர்! கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906-இல் கட்டி முடித்த ஏரி அது.

காரில் வருகிற பால்மரத் தொழிலாளர் குடும்பங்கள் வழியில் கோலகங்சாரில் இறங்கிப் பாருங்கள். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்கள். அவற்றில் ஒன்று என்று போற்றப்படும் முதிய மரம் இன்றும் வேலிக்குள் நிற்கிறது. நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரத்தின் மூதாதை அது. பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்காவிட்டாலும் கண்ணாலாவது பார்க்கட்டும்.

வழிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் மத்தியானம் வரை கெடாது. அவித்த முட்டை, ஊறுகாய், உருளைக்கிழங்குப் பொரியல் போதும். பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். கோடாலித் தைலமும், இரண்டு பிளாஸ்டிக் பையும், ஒரு மாற்றுச் சட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மழைக்கு ஏற்ற மணிக்கணக்கு

தைப்பிங்குக்குப் போய் மழையைத் திட்டுவதில் பயனில்லை. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் அது முதலிடம் வகிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக் காற்று ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம்!

பெரும்பாலும் மழை பிற்பகலில்தான் வரும். ஆகவே காலையில் திறந்தவெளி, மத்தியானம் சாப்பாடும் உறக்கமும், பிற்பகல் கூரைக்குக் கீழ், மழை விட்டதும் சாயங்கால உலா. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டால் பயணம் பாழாகாது. ஆளுக்கொரு குடையும் காய்ந்த காலுறையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் நாள்: ஏரிப் பூங்கா

வந்து சேர்ந்த களைப்பில் முதல் நாள் வேறெதையும் வைக்காதீர்கள். அறையில் பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, பசியாறி, சாயங்காலம் ஏரிப் பூங்காவுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இன்று தாமரையும் அல்லியும் பூக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழி. 1880-இல் அதைப் பூங்காவாக்கினார்கள். பாழ்பட்ட மண்ணையும் மனிதன் நினைத்தால் திருத்தலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாலையோரம் நிற்கும் பெரிய மரங்களைக் காட்டுங்கள். நூறாண்டைத் தாண்டியவை. கிளைகள் சாலையைக் கடந்து வளைந்து ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. நாம் தூங்குமூஞ்சி மரம் என்கிறோமே, அதுதான். பொழுது சாய்ந்தால் இலைகள் மடங்கிக்கொள்ளும். பிள்ளைகள் நின்று கவனித்தால் கண்ணெதிரே பார்க்கலாம். தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்த மரம். நம் இரப்பர் மரமும் அங்கிருந்து வந்ததுதான். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வந்த மரங்கள் எல்லாம் இந்த மண்ணில் வேர் விட்டு நிழல் தருகின்றன. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே எச்சரிக்கை: ஏரிக் கரையில் பல இடங்களில் தடுப்பு இல்லை. சிறு குழந்தையின் கையை விடாதீர்கள்.

இரண்டாம் நாள்: விலங்குகளும் எலும்புக்கூடும்

காலையில் மிருகக்காட்சிசாலை. 1961-இல் தொடங்கியது, பூங்காவை ஒட்டியே இருக்கிறது. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் படுத்துக்கொள்ளும். பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்குவார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாம்பும் உடும்பும் காட்டுப்பன்றியும் புதிதல்ல. யானையையும் நீர்யானையையும் மலாயாப் புலியையும் காட்டுங்கள். புலிக் கூண்டின் முன் சற்று நேரம் நின்று ஒன்றைச் சொல்லுங்கள். நம் நாட்டின் சின்னத்தில் நிற்கும் இந்த விலங்கு இப்போது காட்டில் 150-க்கும் குறைவாகவே இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் பால்வெட்டுக்குப் போகையில் புலியடி பார்த்த கதைகளை அங்கே சொன்னால் பிள்ளை மறக்காது. இரவு உலா காட்டும் ஏற்பாடும் அங்கே உண்டு. ஆனால் பகல், இரவு இரண்டுக்கும் சீட்டு எடுத்தால் செலவு இரட்டிப்பு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிற்பகல் மழை இருண்டு வரும்போது பேராக் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். 1883-இல் நிறுவப்பட்ட இதற்கு எதிரே பழைய சிறைச்சாலை இருக்கிறது. பாடம் செய்த விலங்குகள், எலும்புக்கூடுகள், பழங்குடி மக்களின் கருவிகள், பழைய ஆயுதங்கள் எல்லாம் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். "உனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடு. அதைப் படம் வரை. அதன் பெயரை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் அசையமாட்டார்கள்.

மழை விட்டால் புக்கிட் லாருட் அடிவாரச் சாலையில் இருக்கும் போர்வீரர் கல்லறைக்குப் போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் பெயர் தெரியாதவர்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள். மறுபக்கம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கியபோது அவர்களை எதிர்த்து நின்ற படைகளில் இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. அந்த வரிசைகளின் நடுவே பிள்ளைகளைப் பேசாமல் நடக்கச் சொல்லுங்கள். சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத தோட்டத்து மக்களுக்கு இப்படியொரு கல்லும் வாய்க்கவில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் அந்தப் பெயரை அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

புக்கிட் லாருட் மலையுச்சிக்குப் போகும் ஆசை பலருக்கு உண்டு. மண்சரிவால் பழுதுபட்ட பாதை அது. மேலே போக வண்டி இருக்கிறதா என்று விசாரிக்காமல் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: கரிச்சூளையும் பெயர்ப்பலகையும்

கடைசி நாள் காலை கோல செபெத்தாங்குக்குப் போங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். வாடகைக் காருக்கு முன்பே விலை பேசிக்கொண்டால், போய்வர அரை நாள் போதும்.

அங்கே மாத்தாங் சதுப்புக் காடு இருக்கிறது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர். அந்தக் காட்டுப் பாக்காவு மரத்தைக் கரியாக்கும் சூளைகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. கவிழ்த்து வைத்த பானை போன்ற பெரிய செங்கல் கூடாரங்கள். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நிறுத்தி, வாயை அடைத்து, சூட்டை ஏற்றிப் பிறகு ஆறவிட்டுக் கரி எடுக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. எரிந்து சாம்பலாகவும் கூடாது. பச்சையாக நிற்கவும் கூடாது. புகையின் வாசனையையும் நிறத்தையும் வைத்தே பக்குவத்தை அறிகிறார்கள். மங்கில் நிறையும் பாலைப் பார்த்தே மரத்தின் குணத்தைச் சொல்லும் நம் மக்களுக்கு இந்த வித்தையின் அருமை புரியும். வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்து, முப்பது ஆண்டு கழித்தே மீண்டும் வெட்டுகிறார்கள். அதனால்தான் நூறாண்டுக்கு மேலாகியும் காடு காடாகவே இருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை. 1885-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி மலாயாவின் முதல் இரயில் தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையே ஓடியது. சுமார் எட்டு மைல். யானையும் மாட்டு வண்டியும் சுமந்த ஈயத்தை இரயில் சுமக்கத் தொடங்கியது. பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். பின்னர் நாடெங்கும் தண்டவாளம் போட்டதிலும் அதைப் பழுது பார்த்ததிலும் தென்னிந்தியத் தொழிலாளர் கைகள் நிறைய உண்டு. அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தார்கள்.

அந்தப் பாதை இன்று இல்லை. பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ரோமன் எழுத்து, ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த ஒரு சிறுமி பெற்றோருடன் அங்கே போய் வந்தாள். நோட்டுப் புத்தகத்தில் நான்கு எழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். "நம்ம எழுத்தும் இருக்கு. அப்பவே நம்ம ஆளுங்க இங்க இருந்திருக்காங்க" என்று என்னிடம் சொன்னாள். வரலாற்றுப் பாடத்தில் நான் ஒரு தவணை முழுதும் சொல்லிப் புரியவைக்க நினைத்ததை அந்தப் பலகை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

அம்மாவுக்கும் லீவு

அப்பாமார்களே, இது உங்களுக்கு. வீட்டில் அடுப்பூதும் அம்மா, பயணத்திலும் சோற்றுப் பொட்டலம் கட்டி, துணி துவைத்து, குழந்தையைக் கழுவிக்கொண்டே இருந்தால் அவளுக்கு அது விடுமுறையா? முதல் நாள் கட்டுச்சோறோடு சமையல் போதும். மற்ற வேளைகளில் அங்காடியில் சாப்பிடுங்கள். ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு, ஒரு வேளை மீ, வெயிலுக்கு ஒரு கிண்ணம் செண்டோல். சிறு குழந்தையை ஒரு காலை நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அந்த மூன்று நாளும் போத்தலைத் தொடாதீர்கள். பிள்ளைகள் அதையும் கவனிக்கிறார்கள். அதையும் நினைவில் வைக்கிறார்கள்.

சில கவனக் குறிப்புகள்

பிள்ளைகளின் சட்டைப் பையில் அப்பா அம்மாவின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். தொலைந்துபோனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் நுழைந்தவுடன் காட்டிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை போட்டால் கூட்டத்தில் தேடுவது சுலபம்.

மலையடிவார ஆற்றில் குளிப்பதானால் மேலே மலையில் இருட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழைநீர் திடீரென்று பெருகி வரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். துணியை எடுக்கத் திரும்ப வேண்டாம்.

ஆஸ்த்மா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு மருந்துகளைத் தனிப் பையில் வையுங்கள். நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் வேண்டாம். பத்து இடத்தை ஓடிப் பார்த்த பிள்ளைக்குப் பேருந்து இருக்கைதான் நினைவிருக்கும். பாட்டி வருவதாக இருந்தால் அவருக்கும் முடிகிற நடைதானா என்று பாருங்கள். ஆனால் பாட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய கதை தெரிந்தவர் அவர்தான்.

அடுத்த சம்பள நாள்

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு நாம் நிலம் வாங்கி வைக்க முடியாமலிருக்கலாம். வீடு எழுதி வைக்க முடியாமலிருக்கலாம். ஆனால் இந்த நாடு எப்படி உருவானது, அதில் நம்மவர் கை எங்கெங்கே பட்டிருக்கிறது என்பதைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்ட நம்மால் முடியும். அப்படிப் பார்த்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் ஒதுங்கி நிற்காது.

லயத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் வேன் வாடகையும் அறைச் செலவும் இன்னும் குறையும். அக்கம்பக்கத்தில் பேசிப் பாருங்கள். வருகிற சம்பள நாளன்று கடைக்குப் போகும் முன்பு அந்தப் பால்மாவு டின்னைக் கழுவிக் காயவையுங்கள். முதல் இரண்டு வெள்ளியை வீட்டின் கடைக்குட்டி போடட்டும்.